நான்காவதாக அமர்ந்திருந்தவர்

— எழுதின வரைக்கும் படிக்கறேன், கேளுங்கம்மா. ‘பதினோராம் தேதி காலை தொழிற்சாலை வாயிலின் முன் தரையில் அமர்ந்து வேலையைத் தடுத்தவர்கள், இடமிருந்து வலமாக. முதலாவது வள்ளியம்மாள், கட்டிங் பிரிவு, கொடிக்கம்பத்தை ஒட்டி. இரண்டாவது ஃபர்ஹத், ஸ்டிச்சிங், அவருக்கு வலப்புறம், குடை பிடித்தபடி. மூன்றாவது பத்மாவதி, பேக்கிங், செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. நான்காவது...’ அதுக்கு நேரா கோடு போட்டு விட்டிருக்கேன். அந்தக் கோட்ட நிரப்பத்தான் உங்க ஸ்கேன் கடைக்கு வந்தது.

— செருப்ப மடியில வெச்சிருந்தத எல்லாம் எழுதணுமா சார்?

— எழுதணும். அப்பதான் நாளைக்கு ‘அது நான் இல்ல’ன்னு யாரும் சொல்ல முடியாது. லெட்டர்னா லெட்டரா இருக்கணும்.

— ஃபேன் ஓடல, பசை வாசனையில மயக்கம் வருதுன்னு கேட்டுதானே உக்காந்தாங்க ஆதிகேசவன் சார்? பேப்பர்லயே போட்டிருக்கான்.

— கேட்கட்டும். உள்ள வந்து கேட்கட்டும். கேட்டுல உக்காந்தா கன்டெய்னர் எப்படிப் போகும்? எனக்கு யார் மேலயும் கோபம் இல்லம்மா. பேர் எழுதறது மட்டும்தான் என் வேலை. கடிதம் சென்னைக்குப் போகும், திங்கக்கிழமையில இருந்து அந்தப் பேருக்கு கேட் திறக்காது. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா.

— எங்க ஆபீஸ் ஸ்கேனர் பேப்பர உள்ள இழுக்கற மிஷின். பத்திரிகைத் தாள கிழிச்சிடும். உங்களுது கண்ணாடி மேல வெக்கறது. கேட்டு கேமரா மேல அன்னைக்கு யாரோ துணி போட்டுட்டாங்க, ரிப்போர்ட்டர் ஒரிஜினல் தர மாட்டேன்றார். இந்தப் பேப்பர் கட்டிங்க விட்டா வேற வழி இல்ல. நாலாவதா உக்காந்திருக்கற அந்த வெள்ளைத் துப்பட்டாவ இன்னும் பெருசாக்குங்க.

— பெருசாக்கினா புள்ளிதான் சார் பெருசாகும். அச்சடிச்ச படம் இன்னா, வெறும் புள்ளிதானே. கிட்ட போகப் போக மூஞ்சி கம்மியாகிடும்.

— இப்பவே சுமாரா தெரியுதே. தாடை தெரியுது. இன்னும் ஒரு தடவை, ஜாஸ்தி வெச்சு எடுங்க. இருங்க, சென்னையில இருந்து போன். வெளிய நின்னு பேசிட்டு வர்றேன்.

— ஹலோ, ஜெமி? எங்க இருக்கே?

— வீட்லதான்க்கா. மத்யானம்தான் ஷிப்ட். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?

— பேசாம கேளு. உங்க கம்பெனி ஆளு என் கடையிலதான் இருக்கான். கேட்டுல உக்காந்தீங்களே, அந்தப் படத்த ஸ்கேன் பண்ணச் சொல்றான். மீதி மூணு பேரும் மாட்டியாச்சு. நீ மட்டும்தான் பாக்கி.

— ஐயோ பெர்சிஸ்க்கா! நான் துப்பட்டாவ இழுத்து மூடிட்டுதானே இருந்தேன்? அன்னைக்கு மத்யானம் கார்டு பஞ்ச் பண்ணி வேலைக்கும் போய்ட்டேன். என் மேல சந்தேகமே வராதுன்னு இருந்தேனே.

— தாடை தெரியுது. இன்னொரு தடவ சரியா எடுத்தா மூக்கும் தெரிஞ்சிடும்.

— வேலை போனா ஈ.எஸ்.ஐ. கார்டும் போய்டும்க்கா. எங்க வீட்டுக்காரர் ஷாஜினுக்கு வாரத்துல ரெண்டு டயாலிசிஸ். நான் எங்க போவேன்?

— அழாதே. இது வரைக்கும் தாளுக்குப் பின்னாடி கறுப்பு அட்டை வெச்சு எடுத்தேன். அந்த அட்டைய எடுத்துட்டா பின்பக்கத்து அச்சு இந்தப் பக்கம் ஏறிடும். உன் துப்பட்டாவுக்கு நேர் பின்னாடி யாரோ ஒரு அம்மாவோட நினைவஞ்சலி படம் இருக்கு. ரெண்டு மூஞ்சியும் கலந்து குழம்பிடும். எவனுக்கும் புரியாது.

— யாரு அந்தம்மா?

— தெரியல. பேரு இருந்த இடத்த கத்தரிச்சிட்டான். வர்றான், வெச்சிடறேன்.

— மன்னிக்கணும்மா, பெரியவர் அவசரப்படறார். எடுத்தாச்சா?

— இதோ ஓடுது சார். பாருங்க. வந்துடுச்சு.

— இது முன்னத விட மோசமா இருக்கே. கண்ணுக்கு மேல கண்ணு இருக்கற மாதிரி.

— நான்தான் சொன்னேனே. தாளு மட்டம் சார். இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. விட்டுடுங்க, மூணு பேர் போதாதா?

— படத்துல நாலு பேர், கடிதத்துல மூணு பேர்னா என்னைத்தான் கேப்பாங்க. இத என் போனுக்கு அனுப்புங்க. ஒரு ஆப் இருக்கு. மங்கின மூஞ்சிய கழுவி விட்ட மாதிரி ஆக்கிடும்.

— அது இல்லாதத வரையும் சார்! நம்பாதீங்க. எங்க கல்யாண போட்டோவப் போட்டேன், எங்க வீட்டுக்காரருக்கு வேற பல்லு வெச்சுது.

— பல்லு வேற ஆனாலும் ஆள் அவர்தானே? ஆங்... வருது. பாருங்கம்மா. மூக்கு, நெத்தி, இந்த உதடு. எவ்வளவு அமைதியான முகம். இப்ப ஐ.டி. கார்டு போட்டோக்கள் இருக்கு, ஒண்ணொண்ணா வெச்சுப் பாத்துடலாம். இவங்க இல்ல. இவங்க இல்ல. இவங்களுக்கு மூஞ்சி நீளம்...

— பேஜார் பிடிச்ச வேலை சார் இது. அந்த மாதிரி மூஞ்சி ஊர்ல யாருக்குமே இருக்காது.

— இருக்கு. இதோ. அப்படியே இருக்கு. டோரதி, ஸ்டிச்சிங்.

— டோரதியா? சார், அது அவ இல்ல!

— உங்களுக்குத் தெரியுமா?

— சர்ச்சுல பாத்திருக்கேன். அதிர்ந்து பேசாத பொண்ணு சார். கேட்டுல எல்லாம் போய் உக்கார மாட்டா.

— பதினொண்ணு, பன்னெண்டு ரெண்டு நாளும் லீவு. குடியாத்தத்துல ஜெபக்கூட்டம்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. கேட்டுல உக்காந்த மூணு பேரும் அன்னைக்கு லீவுதான். ஒருத்தர் கோயில், ஒருத்தர் கல்யாணம்னு எழுதியிருந்தாங்க.

— நிஜமாவே போயிருப்பா. விசாரிச்சுப் பாருங்க சார், பாவம்.

— சரி. உங்க வார்த்தைய எடுத்துக்கறேன். இது டோரதி இல்ல. அப்ப யாரு?

— அத நான் எப்படி சார் சொல்றது?

— சொல்லுங்கம்மா. அவ்வளவு உறுதியா சொன்னீங்களே. யாருன்னு தெரிஞ்சாதானே யாரு இல்லன்னு சொல்ல முடியும்?

— எனக்கு... தெரியாது சார்.

— தெரியாது. அப்ப எழுதிக்கறேன். ‘நான்காவது டோரதி, ஸ்டிச்சிங், பத்திரிகைக் கேமராவுக்கு மிக அருகில், வெள்ளைத் துப்பட்டாவால் தலையை மூடியபடி.’ கையெழுத்து போட்டாச்சு. பசை இருக்கா? குடுங்க. ஓரம் நல்லா ஒட்டணும், வழியில பிரிஞ்சிடக் கூடாது. எதிர்ல கொரியர் இருக்கு இல்ல? கொடுத்துட்டு அப்படியே பஸ் பிடிக்கறேன். நல்ல உதவி பண்ணீங்கம்மா.

— சார், ஒரு நிமிஷம்...

— சொல்லுங்க.

— ஒண்ணும் இல்ல. பாத்துப் போங்க. லாரி ஜாஸ்தி வரும்.

— அக்கா! என்னக்கா தனியா நின்னு ரோட்டையே பாக்கறீங்க?

— டோரதி! நீ... நீ எங்க இங்க?

— ஏன்க்கா, பேய் அறைஞ்ச மாதிரி பாக்கறீங்க? ஸ்கேன் பண்ணத்தான் வந்தேன். அம்மாவோட மொத வருஷ நினைவு நாளுக்குப் பேப்பர்ல போட்டோம். கொடுத்த ஒரே போட்டோவ அந்த ஏஜென்ட் தொலைச்சிட்டான். இந்தப் பேப்பர்ல வந்ததுதான் மிச்சம். பெருசாக்கி குடுங்க, பிரேம் போடணும். ஜெபத்துக்கு வந்தவங்க எல்லாம் இத வெச்சிக்கிட்டு, உனக்கும் அம்மாவுக்கும் ஒரே மூஞ்சின்னு அழுதாங்க.

— அந்தத் தாள திருப்பு.

— திருப்பினா... எங்க கம்பெனி கேட்டு. நம்ம ஜெமி கூட உக்காந்திருக்கா பாருங்க. அவளா இல்லையா இது? நான் யார்கிட்டயும் சொல்லலக்கா, சத்தியமா. பாவம், ஷாஜின் அண்ணனுக்கு அப்படி இருக்கறப்ப.

— டோரதி, எதிர்ல கொரியர் வேன் நிக்குதா?

— நிக்குது. கவரெல்லாம் மூட்டைல போட்டு ஏத்திட்டான். ஏன், ஏதாவது தப்பா அனுப்பிட்டீங்களா? டிரைவர் கோபி எங்க தெருதான். நான் குரல் கொடுத்தா நிறுத்திடுவான். அக்கா? ஸ்டார்ட் பண்றான்க்கா, சீக்கிரம் சொல்லுங்க. கூப்பிடட்டுமா?

— வேணாம். போகட்டும். நீ அம்மா படத்த குடு.