புகைபோக்கிக்குள் ஒரு குரல்

— கையை விடுடி குட்டி! மேல வர மாட்டேன்னா வர மாட்டே...

— விட்டா ஓடிடுவே. மாடி ஏறி, அவங்க முகத்தைப் பாத்து, ஒரு தடவை 'அம்மா'ன்னு கூப்பிட்டுட்டு இறங்கிடு. சொத்தையா எழுதி வெக்கச் சொல்றேன்?

— பால் காய்ச்சிக் குடுத்தேன், படுக்கையைத் துவைச்சுப் போட்டேன். இதுக்கு மேல என்ன செய்யணும்? எனக்கு அவங்க சித்தி. சித்தின்னுதான் வாயில வரும்.

— பேச்சு போனதுலேருந்து கதவையே பாத்துக்கிட்டுக் கிடக்கிறாங்க. பொழுது சாயற வரைக்கும் தாங்காதுன்னுட்டார் டாக்டர். இன்னுமா வீம்பு? உன்னை அடுப்படியில படுக்க வெச்சாங்கன்னா இந்தக் கோபம்?

— அது தெருவுல கட்டிவிட்ட கதை.

— தெரியுதில்ல? நீயாதான் பாயைச் சுருட்டிக்கிட்டு இங்க வந்து படுத்தே. மூத்தாள் பொண்ணைச் சாம்பல்ல தள்ளிட்டான்னு ஊரே பேசிச்சு. அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசல.

— எனக்கு இங்கதான் தூக்கம் வந்துது.

— ஏன் வந்துதுன்னும் தெரியும்.

— பெரிய இவ! தொட்டில்ல மூக்கு ஒழுகிக்கிட்டுக் கிடந்த கழுதைக்கு என்னடி தெரியும்?

— இந்த அடுப்புப் புகைபோக்கிக்குள்ளேருந்து வந்த குரல்கிட்ட கதை கேட்டே. சாம்பல்ல படுத்த பொண்ணு, செத்தும் அவளை விட்டுப் போகாத அம்மா, ஒத்தச் செருப்பு. இல்லைன்னு சொல்லு பாப்போம்.

— ... யாரு சொன்னா உனக்கு?

— கதை சொன்னவங்களே சொன்னாங்க.

— அது எங்கம்மா குரல்.

— எங்கம்மா குரல்க்கா! புகைபோக்கி மாடி அறைச் சுவருக்குள்ளதானே ஏறுது? அங்க கரி வழிக்கிறதுக்கு ஒரு சின்னக் கதவு இருக்கு. அதைத் திறந்து வெச்சுக்கிட்டு, குரலைத் தணிச்சுப் பேசியிருக்காங்க. படுக்கையில விழுறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லி அழுதாங்க.

— புளுகாதே.

— இரு. மேல நர்ஸ் யார்கிட்டயோ போன் பேசுது பாரு. அடுப்புக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி கேக்குதா இல்லியா?

— கேக்குது.

— கதை முடிஞ்சதும் நீ, 'அம்மா, நாளைக்கும் வருவியா?'ன்னு கேப்பியாமே. பகல் பூரா சித்தி, சித்தி. அந்த ஒரு 'அம்மா'வைக் கேக்கத்தான் மூஞ்சியெல்லாம் கரியோட அங்க போய் உக்காந்திருக்காங்க.

— அவங்க சொன்ன கதையில கடைசியில என்ன ஆகும்?

— அதுவா இப்போ முக்கியம்?

— சொல்லுடி.

— எனக்கும் பின்னால அதையேதான் சொன்னாங்க. பொண்ணு அரண்மனைக்குப் போவா. சித்தியைக் கூப்பிட்டு, 'என்கூடவே இருந்துடுங்க'ம்பா. சுபம்.

— பறவைங்க வராதா?

— என்ன பறவை?

— சித்தி கண்ணைக் கொத்துற பறவை.

— சீ! அம்மாவுக்கு அப்படியெல்லாம் சொல்லவே வராது. அவங்களுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு முடிவுதான்.

— மொதல்ல கேட்ட கதையில பறவைங்க வந்துதுடி. அப்புறம்தான் முடிவு மாறிச்சு. எங்கம்மாவுக்குக் கோபம் ஆறிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

— மொதல்லன்னு ஒரு கதையே கிடையாது. கல்யாணமாகி வந்த புதுசுல, ஒரு நாள் நீ ஆறின அடுப்புக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, 'அம்மா, அம்மா'ன்னு கூப்பிட்டுக் காத்துக்கிட்டு இருந்தியாம். பாக்கச் சகிக்காமத்தான் அம்மா ஆரம்பிச்சதே.

— நான் காத்துக்கிட்டு இல்ல. கேட்டுக்கிட்டு இருந்தேன்.

— எதை?

— 'எவ முகத்தையாவது பாத்து அம்மான்னு கூப்பிட்டே, அன்னிக்கு அந்தப் பறவைங்களோட வருவேன்'னு உள்ளேருந்து ஒரு குரல் சொல்லிச்சு. அப்போ யாரோ பின்னால வந்து நின்னாங்க. குரல் நின்னுடுச்சு.

— அப்போ தாயில்லாத பச்சப்புள்ளை நீ! பயத்துல காதுல என்னென்னமோ விழும்.

— இருக்கலாம்.

— அப்போ வா. மேல வந்து கூப்பிடு.

— மாடி ஜன்னல் சாத்தியிருக்கா?

— புழுக்கமா இருக்குன்னு திறந்துதான் போட்டிருக்கு. ஏன்?

— போய் மொதல்ல அதைச் சாத்துடி. அவங்க மேல ஆசையில்லாமயா, இத்தனை வருஷமா 'சித்தி'ன்னே கூப்பிட்டு அவங்க கண்ணைக் காப்பாத்தி வெச்சிருக்கேன்?