பச்சை டேங்க்

மாலை ஆறேகால். புசல்லாவையிலிருந்து கம்பளைக்கு இறங்குகிற வீதி. 2022 ஏப்ரல் தொடக்கம்... டீசல் கிடைக்காத காலம், ஞாபகம் இருக்கும். எந்நேரமும் பஸ்ஸும் லொறியும் இரைகிற அந்த வீதியில் அன்றைக்கு ஒரு வாகனம் இல்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. தேயிலை மலையிலிருந்து பனி இறங்கி வீதியை மூடிக்கொண்டு வந்தது. அந்தப் பனிக்குள்ளே ஒரு பெண் தனியாக நடந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு அட்டைப்பெட்டி. கைப்பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

நம் அனுஷியா டீச்சர் இருக்கிறாளே, நாவலப்பிட்டியிலிருந்து வருகிறவள்... அவளுடைய கூடப்பிறந்த அக்காதான் அது. லோஜினி என்று பெயர். கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை, அம்பிட்டியவில் சின்ன வீடு. பிள்ளைகள் இல்லை. புருஷன் ஸ்ரீதரன் எட்டு மாதத்துக்கு முன்னால் கொரோனாவில் போய்விட்டான்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு பழைய டீவி கேம். நாம் சின்ன வயதில் கேசட்டை வாயால் ஊதி ஊதிப் போட்டு விளையாடினோமே, அதேதான்.

ஸ்ரீதரனுக்கு அதில் ஒரு பைத்தியம் இருந்தது. சின்ன வயதில் அவன் வீட்டில் டீவியே கிடையாது. பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தே வளர்ந்தவன். சம்பாதிக்கத் தொடங்கியதும் எங்கே பழைய டீவி கேம் இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் போய் வாங்கி வந்துவிடுவான். மஞ்சள் பூத்துப்போன பெட்டிகள், ஸ்டிக்கர் உரிந்த கேசட்டுகள்... ஸ்பிரிட் போட்டுத் துடைத்து அலுமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தான். அதோடு விளையாட என்றே தூக்கவே முடியாத பழைய பெட்டி டீவி ஒன்று. மாலையில் லோஜினி வேலை விட்டு வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து டேங்க் கேம் விளையாடுவார்கள். அவளுக்கு மஞ்சள் டேங்க், அவனுக்குப் பச்சை. எதிரியைச் சுட வேண்டிய நேரத்தில் அவன் அவளுடைய டேங்க் பக்கத்தில் வந்து சும்மா நிற்பான். போய்ச் சுடுங்களேன் என்று அவள் சிணுங்குவாள்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளுக்கும் காய்ச்சல், வீட்டில் கிடந்தாள். அவன் செத்த அன்று விடியப்புறம் மூன்று தடவை அவளுக்குப் போன் எடுத்திருக்கிறான். போன் குசினியில் சார்ஜில் கிடந்தது. அவள் அசந்து தூங்கிவிட்டாள். எழும்பிப் பார்த்துத் திருப்பி எடுத்தபோது வேறு யாரோ பேசினார்கள்... சவப்பெட்டியைத் திறக்கவிடவில்லை. முகம்கூடப் பார்க்கவில்லை.

என்ன சொல்லத்தான் கூப்பிட்டிருப்பான்? எட்டு மாதமாக அவளுக்கு அந்த ஒரு நினைப்புத்தான். அலுமாரியைப் பார்க்கவே முடியாமல் டீவி கேம் எல்லாவற்றையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். அதில் ஒன்று புசல்லாவைத் தோட்டத்தில் வேலை செய்கிற கணேஸ் என்ற பையனுக்குப் போனது.

அந்தக் கணேஸ்தான் அன்று காலையில் போன் எடுத்தான்.

"அக்கா, ரெண்டாவது ஜாய்ஸ்டிக்க யாருமே தொடல. ஆனா பச்சை டேங்க் தானா நகருது. சுட மாட்டேங்குது. என் டேங்க் பக்கத்துல வந்து சும்மா நிக்கிது."

லோஜினி வேலைக்குப் போகவில்லை. கிடைத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு புசல்லாவைக்குப் போய்விட்டாள். கணேஸின் பெண்சாதி அந்தப் பெட்டியை வீட்டுக்கு வெளியே, மழையில் நனையும்படி வைத்திருந்தாளாம். திரும்பி வரத்தான் பஸ் இல்லை.

நடக்க நடக்கப் பெட்டி சூடாக இருந்தது. காய்ச்சல் பிள்ளையின் உடம்பு மாதிரி... தன் உடம்புச் சூடுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டு மைல் தாண்டி ஒரு பால் லொறி அவளை ஏற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு கம்பளையிலிருந்து ரயில்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இருந்தது. சேலையைக்கூட மாற்றவில்லை, பெட்டியைப் பிரித்து டீவியில் கொழுவினாள். அதே கீச்சு இசை. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை ஸ்ரீதரனுடைய பிரம்புக் கதிரையில் வைத்தாள். காத்திருந்தாள்.

பச்சை டேங்க் நகர்ந்தது. மெல்ல... ஒவ்வொரு கட்டமாக... அவளுடைய மஞ்சள் டேங்க் பக்கத்தில் வந்து நின்றது.

எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

விடிய முன்னமே கரண்ட் போனது. அப்போது ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் வெட்டினார்களே. திரும்பி வந்ததும் ஓடிப்போய்ப் போட்டாள். விளையாட்டு முதலிலிருந்து தொடங்கியது. பச்சை டேங்க் அசையவில்லை. அன்று முழுக்க அசையவில்லை, அடுத்த நாளும் இல்லை. கும்பிட்டாள், திட்டினாள், டீவிக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு கெஞ்சினாள். மூன்றாம் நாள் மாலையில்தான் அது நகர்ந்தது.

இனி இதை ஒரு நிமிஷம்கூட அணைய விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

மார்க்கெட் பக்கத்துச் சந்தில் டீவி திருத்துகிற முஹைதீன் நானாவிடம் ஓடினாள். ஸ்ரீதரனுக்கு நன்றாகப் பழக்கமான மனிதர். டீவி அணைந்தாலும் பரவாயில்லை, இந்தப் பெட்டி மட்டும் அணையாமல் இருக்க வழி செய்யுங்கள் என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள்.

ஒரு மோட்டார் சைக்கிள் பற்றரியை எடுத்து வயர் கொழுவிக் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்: "தங்கச்சி, மௌத்தாப்போன மனிசர் கம்பியில வாறல்ல. வாறது யாரெண்டு தெரியாம கதவத் தொறக்காதீங்க."

அவள் காதில் அது ஏறவில்லை.

பிறகு ஆறு நாள். கடைக்கு லீவு. அடுப்பு மூட்டவில்லை, பிஸ்கட்டும் தண்ணீரும்தான். கரண்ட் இருக்கும்போது விளையாடுவாள். கரண்ட் போனால் விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டு, பற்றரியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு இருட்டில் கிடப்பாள். அவனோடு பேச ஒரு வழியும் கண்டுபிடித்தாள். ஆம் என்றால் அங்கேயே நில்லுங்கள், இல்லை என்றால் தள்ளிப் போங்கள்.

முதல் கேள்வி, என்னை மன்னித்துவிட்டீர்களா என்பதுதான். பச்சை டேங்க் நின்றது. கடைசி நேரத்தில் வலி இல்லையே? நின்றது. என்னோடே இருப்பீர்களா? நின்றது. அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போல இருந்தது.

ஐந்தாம் நாள் பின்னேரம் களைப்பில் கண் செருகிவிட்டது. விளையாட்டை நிறுத்தாமலே தூங்கிப்போனாள். இடையில் நாலு மணிக்குக் கரண்ட் வெட்டியிருக்கிறது. ஆறரைக்கு டீவி "ம்ம்ம்..." என்று இரைந்து உயிர் பிடித்தபோதுதான் விழித்தாள். தூங்கும்போது ஒன்பதாவது கட்டத்தில் இருந்த விளையாட்டு முப்பத்தோராவது கட்டத்தில் நின்றது. மஞ்சள் டேங்க் அவள் விட்ட மூலையில் பத்திரமாக இருந்தது. பச்சை அதற்குக் காவல் மாதிரி முன்னால் நின்றது.

இரண்டரை மணித்தியாலம். படமே தெரியாத டீவிக்கு முன்னால், கும்மிருட்டில், யாரோ விளையாடியிருக்கிறார்கள்.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் தூங்க அவர் காவல் இருந்திருக்கிறார் என்று. பிறகுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. ஸ்ரீதரன் தலைக்கு வைக்கிற எண்ணெய் வாடையை அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே... ஈரமும் பாசியும்... அந்த வாடை. பிரம்புக் கதிரையிலிருந்துதான் வந்தது.

அந்த நேரத்தில் இன்னொன்றும் உறைத்தது. ஸ்ரீதரன் பக்கத்தில் வந்து நிற்பான், சரி. ஆனால் போய்ச் சுடுங்களேன் என்று அவள் சிணுங்கியதும் வேண்டுமென்றே அவளை ஒரு சூடு சுட்டுவிட்டுச் சிரிப்பான். ஒரு நாள் தவறியதில்லை. இது இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவளைச் சுடவில்லை.

அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்குத் திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னங்க... நீங்கதானே? ஸ்ரீதரன்னா இங்கயே நில்லுங்க. இல்லன்னா தள்ளிப் போங்க."

பச்சை டேங்க் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பியது. மெல்ல நகர்ந்து, எதிர் மூலைக்குப் போய் நின்றது.

விளங்கவில்லை போல என்று மறுபடி கேட்டாள். வரவில்லை. மூன்றாம் தடவையும் கேட்டாள். மூலையிலேயே நின்றது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அப்படியென்றால் மன்னித்தது யார்? வலி இல்லை என்று சொன்னது யார்? கூடவே இருப்பேன் என்றது...

லோஜினி தரையில் சரிந்தாள். பற்றரி வயர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. பிடித்து இழுத்தால் முடிந்தது. இழுக்கத்தான் கையை நீட்டினாள். வீட்டைப் பார்த்தாள். ஆறு நாளைக்கு முன்னால் இந்த வீடு எப்படி இருந்தது, இனி எப்படி இருக்கும் என்று பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"சரி, பரவால்ல" என்றாள். "யாரா இருந்தாலும் பரவால்ல. என்னத் தனியா விட்டுட்டுப் போயிறாதீங்க. வாங்க."

அது வந்தது. அத்தனை நாளும் ஊர்ந்து ஊர்ந்து வந்தது, இப்போது பாய்ந்து வந்தது. செங்கல் சுவரைச் சுற்றி வரவில்லை, சுடவும் இல்லை. சுவருக்குள்ளால் நேராக வந்தது. மஞ்சள் டேங்கைத் தாண்டியது. திரையின் கீழ் விளிம்பைத் தாண்டியது. அதற்குப் பிறகு திரையில் பச்சை இல்லை.

ஐந்தரைக்குக் கரண்ட் போனது.

இருட்டில், அவளுக்குப் பின்னால், பிரம்புக் கதிரை "க்ர்ர்..." என்று முனகியது. பாரமான ஆள் எழும்பும்போது முனகுகிற மாதிரி.

இவ்வளவும் லோஜினியே தங்கையிடம் சொன்னது. இதற்கு மேல் அவள் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அனுஷியா அம்பிட்டியவுக்குப் போனாள். அக்கா ஒரு வாரமாகப் போன் எடுக்கவில்லை என்று பயந்துகொண்டுதான் போனாள். நல்ல வெயில். லோஜினி சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள். தலை முழுகியிருந்தாள். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. டீவி கேம் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். யாருக்காவது கொடுத்துவிடு, எனக்கு இனி வேண்டாம் என்றாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஊர்க் கதை சொல்வது மாதிரி, கதிரை முனகியது வரைக்கும் நடந்ததை எல்லாம் சொன்னாள்.

கேட்டு முடிந்ததும் அனுஷியா தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினாள். நீ இங்கே இருக்க வேண்டாம், இப்போதே என்னோடு நாவலப்பிட்டிக்கு வா என்று குரலை உயர்த்தினாள்.

லோஜினி உதட்டில் விரல் வைத்தாள். மூடியிருந்த அறைக் கதவைக் கண்ணால் காட்டினாள்.

"மெதுவாப் பேசுடி. உள்ள தூங்குறாங்க."

அனுஷியா அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"யாரு... அத்தானா?"

லோஜினி அமைதியாகத் தலையை ஆட்டினாள்.

"இல்ல."

அறைக்குள்ளே யாரோ தாழ்ப்பாளை விலக்கினார்கள்.