இருட்டு ரூமுக் கதை

இந்தப் புஸ்தகம் வேணாம்ணே, அலமாரிக்குள்ளயே வைங்க. இதுல பேயி கடைசில புள்ளைகளோட சேந்து இட்லி திங்குது. இதுக்கா பயப்படுவாக? எங்கிட்ட கதை கேக்க வார புள்ளைக விழுந்து விழுந்து சிரிச்சிரும்.

ரத்தமா? ஐயையோ, அதுவும் வேணாம். ஏழு வயசு, எட்டு வயசுண்ணே அதுக. ஒரு புஸ்தகத்துல தலைய வெட்டுற படம் வந்துச்சு, நானே அந்தப் பக்கத்தப் பசை போட்டு ஒட்டிப்புட்டேன். பயம் அளவா இருக்கணும். கேக்கையில பக்கத்துப் புள்ள கையப் புடிக்கணும், வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்கவும் செய்யணும்.

டீச்சரெல்லாம் இல்லண்ணே. பழங்காநத்தத்துல தையக்கடை வச்சிருக்கேன், முத்துமீனான்னா தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் மிஷின ஓரங்கட்டிட்டு, புள்ளைக கதை கேக்கப் பாய விரிச்சிருவேன்.

எனக்கு வேணுங்கிறது ஒரு இருட்டு ரூமு. அதுல புள்ளையப் போட்டுப் பூட்டுற ஒரு பூதம். பாக்கப் பூதம் மாரி இருக்கக் கூடாது. இஸ்திரி போட்ட சட்டை, ஊரே வணக்கம் வைக்கிற ஆளு. கடைசில புள்ளைக அம்புட்டும் சேந்து அதோட முகரைய ஊருக்குக் காட்டணும். மன்னிச்சு விடுற கதைன்னா எடுக்காதீக.

மேலயா இருக்கு? எடுங்க, நிக்கிறேன்.

அது ஏன்னா, எம் மக பவதாரிணி ரெண்டாப்பு படிக்கையில, வீட்டுப்பாடம் எழுதலன்னு ஹெட்மாஸ்டரு ஒடஞ்ச பெஞ்சு கெடக்குற ரூமுக்குள்ள பூட்டிட்டாரு. மறந்துட்டு வீட்டுக்கும் போயிட்டாரு. நான் தெருத்தெருவாத் தேடுறேன். வாட்ச்மேன் தெறக்கையில மணி ஆறரை. இப்ப அஞ்சாப்புண்ணே, இன்னும் பாத்ரூம் கதவச் சாத்த மாட்டேங்குது.

கேக்காம இருப்பனா? போனேன். நான் பூட்டவே இல்லம்மா, ஒம் புள்ள பேய்க்கதையாப் படிச்சுக் கெட்டுப்போயி உளறுதுன்னாரு. அத்தன வாத்தியாரும் தலையாட்டுனாக. தெறந்துவிட்ட வாட்ச்மேனும் ஆட்டுனான். சரி, பேய்க்கதைதான? அதயே படிப்போம்னு அன்னைக்கி ஆரம்பிச்சதுதான் இது.

அந்த ஹெட்மாஸ்டருக்கு என்னைய ஞாபகமே இல்லண்ணே. போன மாசம் கடை வாசல்ல வண்டிய நிறுத்தி, நல்ல காரியம் பண்றம்மான்னு சொல்லிட்டுப் போறாரு.

அட, இதான், இதேதாண்ணே! பில்லப் போடுங்க.

பின்ன எதுக்கு நின்னாரா? பேத்திய விட வந்தாரு. ரெண்டு மாசமா எங்கிட்டதான் வருது. சூட்டிகையான புள்ள, தாத்தா மேல உள்ள கோவத்துல அத ஒரு சொல்லு வஞ்சதில்ல. போன வாரம் கதை முடியவும் எந்திரிச்சு, அத்தே, எங்க தாத்தா ஸ்கூல்லயும் ஒரு பூட்டுன ரூமு இருக்கே, அதுக்குள்ள யாரு இருந்தான்னு கேட்டுச்சு. நாளைக்கு இந்தப் புஸ்தகத்த அது கையில குடுத்து விடுவேன். வீட்டுல எல்லாரும் சாப்புட ஒக்காந்திருக்கையில, தாத்தாவச் சத்தமா வாசிக்கச் சொல்லு தங்கம்னு சொல்லித்தான் விடுவேன்.