தொண்ணூற்றொன்பதில் நின்ற பச்சைப் பட்டை

அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சின் நீளத்தை எண்ணி இப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்ட தலைமை மருத்துவர் அவர்களே, நோய்க்கு அஞ்சாத, நோயாளிக்கு மட்டுமே அஞ்சுகின்ற மருத்துவப் பெருமக்களே, வார்டைத் தோழியரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் செவிலியர்களே, பெரியோர்களே, பெற்றெடுத்த தாய்மார்களே, மூன்றாம் வரிசையில், தூணோரம், தலைகுனிந்து அமர்ந்திருக்கும் செவிலியர் சகோதரியே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஒலிபெருக்கிக்காரர் என்னை முறைக்கிறார். ஓரிடத்தில் நிற்கச் சொல்கிறார். மன்னியுங்கள் ஐயா, இன்று காலையிலிருந்து என்னால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

எங்கள் நிறுவனத்துக்கு இன்று கேடயம் தரப் போகிறீர்கள். யார் நாங்கள்? நானும் என் அக்காவும். இருவரும் பொறியாளர்கள். ஆறாண்டுகள் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் கார்ப் பந்தய விளையாட்டு செய்தோம். அந்த நிறுவனம் மூடப்பட்டதும், தையற்கடை மாடியில் அறையெடுத்து, "தொழில்நுட்ப ஆலோசகர்கள்" என்று பலகை மாட்டினோம். அப்பா வந்தார், பலகையைப் படித்தார். "ஆலோசனைன்னா அடுத்தவனுக்குப் புத்தி சொல்றதாடா? நமக்கே அது பத்தலையே" என்றார்.

சிரியுங்கள், சிரியுங்கள். சிரிக்க இன்னும் சிறிது நேரந்தான் இருக்கிறது.

விளையாட்டில் அடுத்த கட்டம் திறக்க நேரமாகும். ஆடுபவர் பொறுப்பாரா? பொறுக்க மாட்டார். அதற்காகத் திரையில் ஒரு பச்சைப் பட்டை செய்தோம். உள்ளே வேலை நடந்தாலும் ஓடும், நடக்காவிட்டாலும் ஓடும். நாற்பது விழுக்காடு, அறுபது, தொண்ணூறு, தொண்ணூற்றொன்பது. அங்கே போய் நின்றுகொள்ளும். அதற்கு நாங்கள் வைத்த செல்லப்பெயர் தாலாட்டு. அழுகிற ஆட்டக்காரரைத் தூங்கவைக்கும் தாலாட்டு.

இந்த மருத்துவமனை எங்களை நம்பி அழைத்தது. வார்டில் பொத்தானை அழுத்தினால் ரத்த வங்கிக்குக் கோரிக்கை போக வேண்டும். செய்து கொடுத்தோம். காத்திருப்பவர் பதறக்கூடாதே என்று, பழைய பெட்டியைத் திறந்து, அந்தத் தாலாட்டையும் எடுத்து வைத்தோம்.

விளையாட்டில் ஆடுபவருக்கு மூன்று உயிர் கொடுப்போம். ஐயா, பிரசவ வார்டில் எத்தனை உயிர் கொடுக்கிறார்கள்?

மூன்று மாதங்களுக்கு முன், ஒரு பிற்பகல். பிள்ளை பெற்ற தாய் ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. தூணோரம் இருக்கிறாரே, அந்தச் சகோதரி பொத்தானை அழுத்தினார். பச்சை ஓடியது. ரத்தம் வரவில்லை. பச்சை மட்டும் ஓடியது. பதினொரு நிமிடம் பார்த்தார். பிறகு திரையை விட்டுவிட்டு மூன்று மாடி இறங்கி ஓடி, ரத்தப் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார்.

என்னம்மா கேட்கிறீர்கள்? பிழைத்துக்கொண்டார் தாயே. தாயும் நலம், சேயும் நலம்.

ஆனால் விசாரணை வந்தது. ரத்த வங்கியின் பதிவேட்டில் கோரிக்கையே இல்லை. "அமுக்கினேன் சார். பச்சை ஓடிட்டே இருந்துச்சு சார். என் கண்ணால பாத்தேன்" என்றார் இவர். எங்களிடம் கேட்டார்கள்: கோரிக்கை போகாமலே பச்சை ஓடுமா? நான் பதில் எழுதினேன். இரண்டே சொல். "வாய்ப்பே இல்லை." கீழே என் கையெழுத்து. அந்த இரண்டு சொல்லால் இவருக்கு மெமோ. அந்த இரண்டு சொல்லால் இவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றுபோயிற்று.

இன்று காலை, உங்களுக்குக் காட்டுவதற்காக இந்தப் பெரிய திரையைப் பொருத்திக்கொண்டிருந்தோம். நான் பொத்தானை அழுத்தினேன். பச்சை ஓடியது. மேசைக்கு அடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "டேய், நெட்வொர்க் ஒயரு இன்னும் என் கையிலதான்டா இருக்கு. அப்ப அங்க எது ஓடுது?"

எது ஓடியது? எங்கள் திறமை ஓடியது. எங்கள் திமிர் ஓடியது. செய்த நாங்களே மறந்துபோன ஒரு பொய், பச்சை உடுத்திக்கொண்டு ஓடியது.

"மேடையிலயா சொல்லப் போற? வேலை போயிடும்டா" என்றாள் அக்கா. மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வந்து அவளே, "மேடையிலயே சொல்லு. அந்தப் பொண்ணை எல்லார் முன்னாடியும்தானே நிக்க வச்சோம்" என்றாள்.

இதோ, ஒயர் என் கையில் இருக்கிறது. எல்லோரும் பாருங்கள். அக்கா, அழுத்து.

நாற்பது. அறுபது. தொண்ணூறு. தொண்ணூற்றொன்பது.

கைதட்டாதீர்கள், தம்பிகளே. இது வித்தை இல்லை. இதைத்தான் இந்தச் சகோதரி பதினொரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் பதினொரு நொடி பாருங்கள்.

போதும், அணைத்துவிடு. இந்த மேடைத் திரையைத் தவிர, இன்று மதியமே எல்லா வார்டிலும் பட்டையை எடுத்துவிட்டோம். இனிக் கோரிக்கை போய்ச் சேரவில்லையென்றால் திரையில் ஒரே வரிதான் வரும்: "போகவில்லை, நேரில் செல்லுங்கள்." அழகாக இருக்காது. யாரையும் தூங்கவைக்காது.

தலைவர் அவர்களே, இந்தக் கேடயம் எங்களுக்கு வேண்டாம். எங்களை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்பதை நாளைக்கு முடிவு செய்யுங்கள். இன்றைக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த மெமோவை எடுங்கள். அதில் இருக்கும் பெயரை அடித்துவிட்டு, என் பெயரை எழுதுங்கள். எழுத்துப்பிழை வராமல் நானே சொல்லித் தருகிறேன்.

தலைவர் பேனாவைத் திறக்கிறார். எனக்குக் கால் இப்போதுதான் தரையில் பாவுகிறது.

பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி. முறைத்தாலும் ஒலியைக் குறைக்காத ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி. எல்லோருக்கும் முதலிலேயே வணக்கம் சொல்லிவிட்டேன், இந்தக் கடைசி வணக்கம் ஒருவருக்கு மட்டும். சகோதரி, நீங்கள் அழுத்தினீர்கள். பச்சை ஓடியது. நீங்கள் சொன்னது உண்மை. வணக்கம்.