பட்டியலில் இல்லாத நாலாவது காது

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, துணை இயக்குநர் அவர்களே, பாதுகாப்புப் பிரிவு அதிகாரி அவர்களே. நாற்காலி போதாமல் சுவரோரம் சீருடையோடு நிற்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அண்ணன்மாரே. அரைமணி நேரத்துக்கு மாற்றாள் வைத்துவிட்டு, கழுத்தில் இயர்போன் தொங்க ஓடிவந்திருக்கும் அழைப்புக்கூடத்து அக்காமாரே. முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் மாமா, மகள் பாப்பா, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். அக்கா அமைதியானவர் என்றார்கள். யாரோடும் முரண்படாதவர் என்றார்கள். புன்னகை மாறாதவர் என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். நமது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு நிலையத்தின் முதுநிலைக் கணினிப் பொறியாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் பணிபுரிந்தவர், ஓட்டுநர்கள் எல்லோரும் 'காதுக்கார அக்கா' என்று கூப்பிட்டவர், அவரா அமைதியானவர்? மூன்றாம் மாடி சர்வர் அறையில் அவர் பக்கத்து நாற்காலியில் ஐந்து வருடம் உட்கார்ந்தவன் நான். ஒரு நாளைக்கு நாலு சண்டை போடாமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. அதில் மூன்று என்னோடு.

மாமா சிரிக்கிறார். அவருக்குத் தெரியும்.

நான் அழ வரவில்லை. விசாரணைக் குழுவின் அறிக்கை வருகிற திங்கட்கிழமை இறுதி வடிவம் பெறப் போகிறது. அதன் நாலாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. "கிழக்குப் பகுதிச் சேவை ஐம்பத்திரண்டு நிமிடம் தடைப்பட்டதற்கு, பதிவு செய்யப்படாத போர்ட்டைக் கண்காணிக்கத் தவறிய முதுநிலைப் பொறியாளரே காரணம்." அந்த வரி பொய். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தப் பொய் அலுவலக ஆவணமாகிவிடும். எதிர்த்துப் பேச அக்கா இல்லை. அதனால் நான் பேசுகிறேன்.

நடந்தது எல்லோருக்கும் புரிய வேண்டும். ஒருவர் ஆம்புலன்ஸ் கேட்டுக் கூப்பிடுகிறார். அழைப்புக்கூடத்தில் விவரத்தைத் தட்டச்சு செய்கிறார்கள். அந்தச் செய்தி கியூ சர்வருக்குப் போய் வரிசையில் நிற்கிறது. வண்டியில் இருக்கும் திரை அந்த சர்வரோடு பேசி, தன் செய்தியை வாங்கிக்கொள்கிறது. வண்டி பேச வருவதைக் கேட்பதற்கென்றே சர்வரில் ஒரு நிரல் உட்கார்ந்திருக்கும். அதற்கு லிஸனர் என்று பெயர். அது உட்காரும் இடத்துக்கு ஓர் எண் உண்டு. அதுதான் போர்ட்.

அக்கா இதைப் புதிய ஓட்டுநர்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்வார். "சர்வர்னா ஒரு பெரிய கட்டடம்னு வெச்சுக்க. அறுபத்தஞ்சாயிரம் கதவு. அதுல ஒரு சில கதவுக்குப் பின்னாடிதான் காதத் தீட்டிக்கிட்டு ஆள் இருப்பான். அந்தக் கதவத்தான் உன் வண்டி தட்டணும். மத்ததத் தட்டினா கை வலிக்கும், அவ்வளவுதான்."

"எந்தக் கதவுன்னு யாருக்கு அக்கா தெரியும்?" என்று ஒருவர் கேட்டாராம்.

"எனக்குத் தெரியும். இல்லேன்னா போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுவேன்."

காதுக்கார அக்கா என்ற பெயர் அன்றைக்கு ஒட்டியது.

போய்ப் பார்ப்பது. அவருடைய தொழில் மொத்தமும் அந்த ஒரு சொல்தான். எந்த லிஸனர் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? கியூ சர்வரையே கேட்கலாம். தன்னிடம் பதிவான லிஸனர்களை அது வரிசையாகக் காட்டும். என்னைப் போன்றவர்கள் அதோடு நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அக்கா நிறுத்த மாட்டார். அடுத்ததாக அது ஓடும் இயந்திரத்தையே கேட்பார். இந்த நிமிடம் உண்மையில் எந்தெந்தப் போர்ட் திறந்திருக்கிறது, எந்த நிரல் திறந்தது, யார் பெயரில் ஓடுகிறது? இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். ஒருமுறை நான் சலித்துக்கொண்டேன். ஒரே விஷயத்தை எதற்கு இரண்டு தடவை கேட்கிறீர்கள் என்றேன்.

"ஒரே விஷயம் இல்லடா. மொதல்ல வர்றது அவன் சொல்றது. ரெண்டாவது வர்றது அவன் செய்யறது."

இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன்.

பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாற்பது சர்வர்களிலும் பயன்பாட்டில் உள்ள போர்ட்களைப் பட்டியலிட்டுக் கையெழுத்திட வேண்டும், பட்டியலில் இல்லாத அத்தனையையும் ஃபயர்வாலில், அதாவது வெளியாளைத் தடுக்கும் காவல் சுவரில், மூடப்போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல யோசனை. அக்காவும் நல்ல யோசனை என்றுதான் சொன்னார். ஒன்பது நாள் கேட்டார். இரண்டு நாள் கொடுத்தார்கள். இரண்டு நாளில் பதினோரு சர்வர்களைப் பார்த்து முடித்தார். மீதிக்குப் போன வருடத்துப் பட்டியலை அப்படியே ஒட்டிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அக்கா சொன்னது இது. "நான் கண்ணால பாக்காத கதவுக்கு எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்? நீங்க பாத்தீங்களா? பாத்திருந்தா நீங்க போடுங்க."

போட்டார்கள். பார்க்காமலே போட்டார்கள். போட்டவர் இப்போது இந்த மேடையில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், பட்டியலின் அடியிலேயே இருக்கிறது.

மறுநாளே, காலை பத்து மணிக்கு, ஃபயர்வாலில் போர்ட்களை மூடினார்கள். எங்கள் திரையில் எல்லாம் பச்சை. அழைப்புக்கூடத்தில் ஒவ்வொரு செய்தியும் 'அனுப்பப்பட்டது' என்று காட்டியது. உண்மைதான், வரிசை வரைக்கும் போனது. பத்து நாற்பதுக்கு அக்காவின் கைபேசிக்கு ஓர் ஓட்டுநர் கூப்பிட்டார். அவர் அதோ, தூண் பக்கத்தில் நிற்கிறார்.

"என்னக்கா, கிழக்குப் பக்கம் பதினாலு வண்டியும் கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்கிறோம். ஊருல எல்லாருக்கும் உடம்பு நல்லாயிடுச்சா?"

அக்கா சிரிக்கவில்லை. "அப்பிடியே இரு, லைன வெக்காத" என்றார். கிழக்குப் பகுதி கியூ சர்வரைக் கேட்டார். மூன்று லிஸனர்கள் பதிவு, மூன்றும் ஓடுகின்றன, மூன்றும் பட்டியலில் உள்ள போர்ட்கள். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றேன் நான். அவர் அதோடு நிற்காமல் இயந்திரத்தைக் கேட்டார். நாலு வந்தது. நாலாவது காது 1427-ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத எண், அதனால் காலையில் மூடப்பட்ட கதவு. அதைத் தொடங்கியவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது.

அது என் பெயர்.

ஆமாம். அதற்குப் பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், கிழக்குப் பகுதி லிஸனர் ஒன்று சிக்கிக்கொண்டது. அவசரத்துக்கு நான் கையால் ஒரு கட்டளை அடித்து, 1427-இல் புதிதாக ஒன்றைத் தொடங்கி, பதினாலு வண்டிகளையும் அதற்குத் திருப்பிவிட்டேன். கையால் தொடங்கினால் அது கியூ சர்வரின் பதிவில் ஏறாது. நாளைக்கு முறையாகப் பதிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்தேன். அந்த சர்வரை அதற்குப் பிறகு யாரும் அணைத்து எழுப்பாததால், அதுவும் பதினோரு மாதம் தன்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்கா நாற்காலியைத் திருப்பினார். "டேய். இது நீயா?"

"நான்தான் அக்கா."

"சரி, அப்புறம் வெச்சுக்கறேன் உன்ன."

வரிசையில் ஐந்து அழைப்புகள் நின்றுகொண்டிருந்தன. போர்ட் திறப்பதற்குள் அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டுநர்களுக்குப் போனில் வாசித்தார். நாலு பேர் தப்பித்தார்கள். ஐந்தாமவர் பக்கவாதம் வந்த ஒரு தச்சர். வண்டி நாற்பது நிமிடம் தாமதமாகப் போனது. அவருடைய வலது கை இன்னும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போய்ப் பார்க்கிறேன். போனால் கை சரியாகிவிடுமா? ஆகாது. போகிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா சொன்னபடியே வைத்துக்கொண்டார் என்னை. ஒரு வெள்ளைத்தாளை முன்னால் தள்ளினார். "எழுது. எந்தத் தேதி, எந்தக் கட்டளை, ஏன் பதியல, எல்லாம் எழுது."

"அக்கா, வேலை போயிடும்."

"போகலாம். போனா வேற வேலை தேடித் தரேன். எழுதலேன்னா அடுத்தவன் எந்த எடத்துல ஏமாறக் கூடாதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நான் உன்னக் காப்பாத்தவும் மாட்டேன், உன்னக் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன். நீயே எழுது."

எழுதினேன். கையெழுத்திட்டேன். அக்காவின் சம்பவ அறிக்கை மூன்று பக்கம். முதல் பக்கம் நடந்தது. இரண்டாம் பக்கம், ஒன்பது நாள் கேட்டதும் இரண்டு நாள் கொடுத்ததும். மூன்றாம் பக்கம் நான்.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் பின்னிணைப்பு எத்தனை பக்கம் தெரியுமா? ஒன்று. முதல் பக்கம் மட்டும். மற்ற இரண்டும் எங்கே போயின? யார் எடுத்தார்கள்? என் தவற்றை மறைத்து எனக்கு என்ன நன்மை செய்தார்கள்? என் மேல் இரக்கமா? இல்லை. மூன்றாம் பக்கத்தை வைத்தால் இரண்டாம் பக்கத்தையும் வைக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தை வைத்தால் பார்க்காமல் போட்ட கையெழுத்து வெளியே வரும். கையெழுத்துப் போட மறுத்தவர் மேல் பழியைப் போட்டால் வேலை முடிந்தது. அந்த சர்வர் அக்காவின் வரிசையில் பன்னிரண்டாவது. இன்னும் ஒரே ஒரு நாள் கொடுத்திருந்தால் பார்த்திருப்பார்.

வரைவு அறிக்கை வந்த அன்று அக்கா அதை முழுதாக வாசித்தார். மடித்து இழுப்பறையில் வைத்தார். பிறகு பதிமூன்றாவது சர்வரைத் திறந்தார். "என்னக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்றேன். "விசாரணைக்குக் கூப்பிடும்போது சொல்லிக்கறேன். இன்னிக்கு இத யாரு பாக்கறது, உங்க மாமாவா?" என்றார். பதினோரு நாள் கழித்து, வேலைக்குக் கிளம்பும்போது, வீட்டு வாசலில் விழுந்தார். மாமா கூப்பிட்ட அழைப்பு பதிவான நாலாவது விநாடியில் வண்டியின் திரைக்குப் போயிருக்கிறது. ஆறு நிமிடத்தில் வண்டி வாசலில். செய்தி போன பாதையைப் பதிவில் நானே பார்த்தேன், எங்கேயும் நிற்கவில்லை. அக்காவைக் காப்பாற்ற அது போதவில்லை. அவ்வளவுதான் நம்மால் முடிந்தது.

இதோ, மேடையிலிருந்து துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. 'சுருக்கமாக முடிக்கவும்.' முடிக்கிறேன், சுருக்கமாக இல்லை.

இன்று காலை என் மேஜையில் ஓர் உறை இருந்தது. உள்ளே புதிய பட்டியல். நாற்பது சர்வர்கள். அடியில் அக்காவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயரை அச்சடித்திருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்து வேண்டுமாம். அக்கா இறப்பதற்குள் முப்பத்தொரு சர்வர்களைப் பார்த்து முடித்திருந்தார். பார்த்த இடத்தில் ஏழு காதுகள் பதிவில் இல்லாமல் இருந்தன. மீதி ஒன்பதில் எத்தனை இருக்கும்? எனக்குத் தெரியாது. இந்த அரங்கில் யாருக்காவது தெரியுமா? பட்டியலை அச்சடித்தவருக்குத் தெரியுமா?

ஓட்டுநர் அண்ணன்மாரே, உங்களுக்குச் சொல்கிறேன். அந்த ஒன்பதையும் நான் போய்ப் பார்ப்பேன். பார்க்காத ஒரு போர்ட்டுக்கும் என் கையெழுத்து விழாது. என்னை வேலையை விட்டு அனுப்பினால், என் நாற்காலிக்கு வருகிறவரிடம் இதையே சொல்லிவிட்டுத்தான் போவேன். இது என் உறுதிமொழி. அக்காவுக்கு மலர் வைப்பதைவிட எனக்குத் தெரிந்த மரியாதை இதுதான்.

பாப்பா, உங்க அம்மா எதையும் கண்காணிக்கத் தவறவில்லை. தவறியது நான். அவசரப்படுத்தியது அவர்கள். யார் என்ன சொன்னாலும் நீ தலைகுனிந்து கேட்க வேண்டாம். நான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

இயக்குநர் ஐயா, இந்தக் கடிதத்தில் அந்த மூன்று பக்கமும் இருக்கின்றன. முதல் இரண்டும் அக்கா வைத்திருந்த பிரதி, மூன்றாம் பக்கத்தை மறுபடி என் கையால் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமைக்கு முன்னால் இது அறிக்கையோடு சேர வேண்டும். தபாலில் போட்டால் தொலைந்துவிடும், அதனால் இங்கேயே தருகிறேன். பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். முதலில் மூன்று பக்கமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், ஐயா. அவசரமில்லை, நான் நிற்கிறேன்.