மலையேற வேண்டிய வண்டி

டீ நன்றாக இருக்கிறது, சார். இந்த மாதிரி இடத்தில் இவ்வளவு நல்ல டீ கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கையில் இருக்கும் தழும்பைப் பற்றிக் கேட்டீர்கள். மெக்கானிக் கையில் சூடு பட்ட தழும்பு இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

அந்தக் கார் என் மச்சான் கொடுத்தது. வெளிநாட்டில் குடியேறக் கிளம்பியபோது தன் மருமகளிடம், அதாவது என் மகளிடம், சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூப்பர்சார்ஜர் வைத்த வண்டி. காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிற சாமான் அது. அமுக்கிய காற்று சூடாகும். அதைக் குளிர வைக்க ஒரு சின்ன தண்ணீர் பம்ப் உண்டு. குளிராவிட்டால் உள்ளே பெட்ரோல் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும். மேட்டில் ஏறும்போது யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல டக் டக் என்று கேட்கும். அந்தச் சத்தத்தோடுதான் வண்டி என் ஷெட்டுக்கு வந்தது.

மகள் நர்ஸ். மலைமேல் ஓர் ஊரில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. சொந்த வண்டி இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"சீக்கிரம் சரி பண்ணிக் குடுங்கப்பா, நான் கெளம்பிடறேன்" என்றாள்.

அவள் அம்மாவும் அந்தக் 'கெளம்பிடறேன்' என்ற வார்த்தையை இப்படித்தான் சிரித்த முகத்தோடு சொன்னாள். ஒரு பெட்டியோடு பஸ் ஏறியவள் திரும்பவே இல்லை.

காரணத்தை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். பம்ப் செத்திருந்தது. புதிது மாட்டி மேட்டில் ஓட்டிப் பார்த்தேன், ஒரு சத்தம் இல்லை. ஷெட்டுக்குத் திரும்பி, புதியதைக் கழற்றிவிட்டுச் செத்த பம்பையே மறுபடி மாட்டினேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பெட்ரோல் தரமில்லை என்றேன். பிளக் என்றேன். உள்ளே கரி பிடித்திருக்கிறது என்றேன். பொய் என்று எழுதாதீர்கள், சார். அந்தச் சத்தத்துக்கு இவை எல்லாமே காரணமாக இருக்கக்கூடியவைதான். அவள் பழைய டயர்மேல் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொல்லிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அவள்தான் இளைத்துக்கொண்டே போனாள். சோறு பாதி தட்டிலேயே கிடக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "இந்த வீட்ல மூச்சு முட்டுதுப்பா" என்றாள் ஒருநாள். எழுந்துபோய் இன்னொரு ஜன்னலையும் திறந்துவைத்தேன்.

வேலைக்கு வரக் கடைசித் தேதி சொல்லிவிட்டார்கள். "சத்தம் வந்தா வந்துட்டுப் போகட்டும். நாளைக்குப் போறேன். அங்க வேற மெக்கானிக்கைப் பாத்துக்கறேன்" என்றாள் மகள்.

வேறு மெக்கானிக். என் மகளுக்கு.

அந்த மாதிரி வண்டியில் சத்தத்தைக் கேட்பதற்கென்றே இன்ஜினில் ஒரு சென்சார் இருக்கும். அதற்குக் கேட்டதும் கம்ப்யூட்டர் இன்ஜினின் பலத்தைக் குறைத்துக் காப்பாற்றிவிடும். திணறித் திணறியாவது அவள் மேலே போய்ச் சேர்ந்துவிடுவாள். நான் சென்சாருக்கு அடியில் தடிமனான ரப்பர் வாஷர் ஒன்றை வைத்தேன். அதற்குக் காது அடைத்துப்போயிற்று.

"சரியாயிடுச்சும்மா. தைரியமா மிதிச்சு ஓட்டு" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடிவாரத்திலேயே இன்ஜின் படுத்துவிடும் என்பது என் கணக்கு. இழுவை வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவளுக்காக ஃபிளாஸ்க்கில் காபிகூட வைத்திருந்தேன். ஆனால் மச்சான் வாங்கியது நல்ல இன்ஜின், செங்குத்தான வளைவுவரை தாங்கிவிட்டது. அங்கே பிஸ்டன் உடைந்து, இன்ஜின் இறுகி, சக்கரம் பூட்டிக்கொண்டது. கார் பாறையில் பக்கவாட்டாகப் போய் மோதியது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன் என்று அன்றைக்கு உங்கள் ஸ்டேஷன் ஆட்களிடம் சொன்னேன். அதில் ஒரு சின்னத் திருத்தம். முதலில் பானெட்டைத் திறந்தேன். கொதிக்கிற இன்ஜினுக்குள் கையை விட்டு, சென்சாரைக் கழற்றி அந்த வாஷரை எடுத்தேன். தழும்பு அதனால் வந்ததுதான். பிறகு கதவைத் திறந்தேன். அவளுக்கு நினைவு இருந்தது. நான் அவளைத் தாண்டிப் பானெட்டுக்குப் போனதைப் பார்த்திருக்கிறாள்.

"அப்பா, கையில என்ன?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை.

கழுத்துக்குக் கீழே அசைவில்லை. வீட்டில்தான் இருக்கிறாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். கட்டிலை ஜன்னலோரமாகவே போட்டிருக்கிறேன். நான் உள்ளே போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். களைப்பாக இருக்கும். வாரம் ஒருமுறை பார்க்க வரும் நர்ஸிடம் என்னைப் பற்றி என்னென்னவோ சொல்லியிருக்கிறாள் என்றீர்கள். பேசுகிறாளே, அதுவே எனக்குப் போதும்.

நீங்கள் கேட்பதற்கெல்லாம் ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அவளை மாற்றப்போவதாகச் சொன்னீர்கள். சந்தோஷம். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், சார். அவளைக் கூட்டிக்கொண்டு போகிற வேன் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை என் ஷெட்டுக்கு வரட்டும். மலையேற வேண்டிய வண்டி இல்லையா? நான் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன்.