இரும்பு பேசிய பிறகும்

இந்த வாசகசாலை ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, என்னைப் பேச அழைத்துவிட்டு, இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பெரியவர் நாச்சியப்பன் அவர்களே, அவையை அணிசெய்யும் ஆன்றோர்களே, அடுப்படி வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அன்னையர்களே, மணலில் முதல் வரிசை பிடித்த மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்த ஊரில் பிறந்து, காரைக்குடியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு நீங்கள் தந்திருக்கும் தலைப்பு, ‘அறிவியல் தந்த அதிசயக் கண்’. எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பற்றிப் பேச வேண்டுமாம். தமிழ் வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை என்று அங்கே ஒருவர் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா. இன்னும் சற்று நேரத்தில் உங்களுக்கும் சிரிப்பு வராது, எனக்கும் வராது.

அது என்ன கண்? நம் பூதக்கண்ணாடி ஒளியைக் கொண்டு பார்க்கிறது. இந்தக் கருவியோ, கண்ணுக்கே தெரியாத மின்துகள்களை ஒரு மெல்லிய கற்றையாக்கி, பொருளின் மேல் வரி வரியாக ஓட்டிப் படம் வரைகிறது. ஊசிமுனையை மலையாகக் காட்டும். உடைந்த இரும்பின் முகத்தை வைத்தால், அது எப்படி உடைந்தது என்று காட்டும். ஒரே மோதலில் முறிந்ததா, நாள்பட நாள்பட விரிசல் விட்டு முறிந்ததா? மோதலில் முறிந்தால் ஒரு முகம். மெல்ல மெல்ல முறிந்தால், கோடையில் ஊருணித் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் தடம் விடுமே, அப்படி வரிசை வரிசையாகக் கோடுகள்.

அந்தக் கோடுகளை நான் படத்தில் பார்த்தேன். எந்த இரும்பில் என்று கேட்கிறீர்களா? உங்களுக்குத் தெரிந்த இரும்புதான். போன தையில் நம்மூர் பஸ் ஊருணிக் கரையில் உருண்டதே, அதன் ஸ்டியரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு.

என்ன, அதற்குள் சலசலப்பு? அமருங்கள். கல்யாணத்துக்குக் கிளம்பிய பஸ்ஸில் அமர்ந்தீர்களே, அந்தப் பொறுமையோடு இன்றும் அமருங்கள்.

நம்மூரில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும், எந்தப் பிள்ளைக்குக் காதுகுத்து என்றாலும், பஸ் முதலாளி வண்டியைச் சும்மா அனுப்பி வைப்பார். அவர் உபகாரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அன்றும் பெண்வீட்டாரைத் திருப்பத்தூருக்கு ஏற்றிப் போக வண்டி வந்தது. டிரைவர் மருது இறங்கி நின்று சொன்னார்: “ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குதுங்க. பழைய தண்டை மாத்தாம ஒட்டவச்சுக் கொடுத்திருக்காக. இதை நம்பி உங்களை ஏத்த மாட்டேன்.”

முகூர்த்தம் தப்பிவிடுமே என்று பதறினீர்கள். கெஞ்சினீர்கள், அதட்டினீர்கள். கடைசியில் கூட்டத்திலிருந்து ஒரு கேலி கிளம்பியது: “காலையிலேயே போட்டுட்டியாப்பா, கை நடுங்குதாக்கும்?” எல்லோரும் சிரித்தீர்கள். மானத்துக்கு அஞ்சிய மனிதர் வண்டியை எடுத்தார். ஊருணி வளைவில் தண்டு முறிந்தது. கண்டக்டர் சின்னக்கருப்பு அங்கேயே உயிரை விட்டான். இருபத்திரண்டு வயது.

அன்று மாலையே நம்மூர் என்ன சொன்னது? மருது குடித்திருந்தான் என்றது. கேலியாகக் கிளம்பிய சொல் போலீசில் வாக்குமூலமாயிற்று, வழக்காயிற்று. முதலாளி மனம் நோகக் கூடாதே என்று தண்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சின்னக்கருப்பைப் பெற்ற அழகி, ஊர் சொன்னதை நம்பி, மருது வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அந்தத் தாயின் கையில் மண்ணை அள்ளிக் கொடுத்தது யார்? நாமல்லவா?

உடைந்த தண்டை நீதிமன்ற உத்தரவின்படி சென்னைக்கு எடுத்துச் சென்று, அந்தக் கருவியில் வைத்துப் படமெடுத்து வந்தவர், உலோகம் பற்றி ஆராயும் இன்பமேரி என்ற அம்மையார். நம் பக்கத்துப் பெண்தான். அவரைத் தேடிப் போனேன், இந்தப் பேச்சுக்குக் குறிப்பெடுக்க. பெருமையாகப் பேச வேண்டும் என்ற நினைப்போடு போனேன். படத்தை வைத்து விளக்கினார். ஒட்டுப் போட்ட இடத்தில் விரிசல் பிறந்திருக்கிறது. கோடு கோடாக வளர்ந்திருக்கிறது. விபத்துக்கு முன்பே அதனுள் துரு ஏறியிருக்கிறது. வண்டி உருண்டதால் தண்டு முறியவில்லை, தண்டு முறிந்ததால் வண்டி உருண்டது.

அப்படியானால் மருது தப்பித்துவிட்டார்தானே என்றேன். அவர் இல்லையென்று தலையசைத்தார். குடிக்காதவனாக இருந்தால் பிரேக் போட்டு நிறுத்தியிருப்பான் என்று எதிர்த்தரப்பு வாதாடுகிறதாம். குடித்தாரா இல்லையா என்பதை இரும்பு சொல்லாது. பிறகு அவர் கேட்டார்: “இரும்பை நான் பேச வச்சிட்டேங்கய்யா. பஸ்ல இருந்தவுக ஏன் இன்னும் பேசலை?”

அவையோரே, எடுத்த குறிப்பை மடித்துப் பையில் வைத்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு போனவன், தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன்.

கருவிக்குக் கண் இருக்கிறது. அதற்கு மூக்கு உண்டா? அன்று மருதுவின் அருகில் நின்று, சாராய வாடை இல்லை என்று அறிந்தவர் நீங்கள். அவர் மறுத்ததைக் கேட்ட காது உங்கள் காது. தனியாக வீட்டில் வந்து கேட்டால் ஒப்புக்கொள்கிறீர்கள். “பாவம் மருது, அவன் குடிக்கிற ஆளா?” என்கிறீர்கள். நாலு பேர் கூடினால் மௌனம். நாலு சுவருக்குள் நல்லவர்களாக இருந்து யாருக்கு என்ன பயன்?

தலைவர் அவர்கள் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். தெரிகிறது ஐயா. பஸ் முதலாளியும் முன்வரிசையில் இருக்கிறார், அதுவும் தெரிகிறது. அவர் நமக்கு வண்டி கொடுத்தார். அதற்காக மருதுவின் வாழ்வை எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமை உண்டா?

வரும் திங்கட்கிழமை சிவகங்கை நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை முடிகிறது. மருதுவுக்காகச் சொல்ல இன்றுவரை ஒரு மனிதரும் இல்லை. அன்று காலை முதல் பஸ்ஸில் நான் போகிறேன். நான் அந்தக் கல்யாணத்துக்கு வராதவன், என் சொல் செல்லாது. செல்லுபடியாகும் சொல் உங்களிடம்தான் இருக்கிறது. வாருங்கள் ஐயா. வாருங்கள் தாயே. அழகியையும் அழைத்து வாருங்கள், பிள்ளை எதனால் போனான் என்று அவள் காதாலேயே கேட்கட்டும்.

இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் கேட்டதற்கு நன்றி. பொன்னாடை வேண்டாம், மடித்து வையுங்கள். முடிக்கும்போது வணக்கம் சொல்வது மேடை மரபு. அந்த வணக்கத்தை இங்கே நான் சொல்லப் போவதில்லை. திங்கட்கிழமை சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கும் முதல் மனிதருக்கு அதைச் சொல்கிறேன்.